வீடியோ எடுத்து யூடியூபில் போடுவதற்கு முன்னால்

சத்தம் தெளிவாக இருந்தால் படம் கொஞ்சம் ஆடினாலும் பார்ப்பார்கள், அதனால் முதலில் மைக்கைக் கவனியுங்கள். சட்டச் சிக்கல் பெரும்பாலும் அடுத்தவர் பாட்டைச் சேர்ப்பதால்தான் வரும். பத்து நொடி போட்டால் தப்பில்லை என்பார்கள், அப்படி ஒரு சட்டமே கிடையாது. யூடியூபின் கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி அமைப்பு ஒலியை ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடும், அப்புறம் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகலாம், இல்லையென்றால் வீடியோவே முடங்கலாம். நீங்களே பாடினாலும் மெட்டும் வரிகளும் இன்னொருவருடையவை.

சரி, அதற்குப் பதிலாக கிரியேட்டிவ் காமன்ஸ் இசையைத் தேடுங்கள், அதாவது சில நிபந்தனைகளோடு யாரும் பயன்படுத்தலாம் என்று உரிமையாளரே அனுமதி தந்த இசை. உரிமக் குறிப்பை மட்டும் சோம்பல்படாமல் படியுங்கள்: 'பிஒய்' என்றால் படைத்தவர் பெயரைப் போட வேண்டும், 'என்சி' என்றால் வணிகத்துக்கு ஆகாது, 'என்டி' இருந்தால் வீடியோவோடு சேர்த்து வெளியிடவே கூடாது, இதில்தான் பலர் மாட்டுகிறார்கள்.

முகம் தெரிகிறவர்களிடம் எடுப்பதற்கு முன்பே அனுமதி கேளுங்கள். குழந்தை என்றால் பெற்றோரிடம், முடிந்தால் எழுத்தில்.