எதிரி விண்கப்பல்ல ஒற்றனை ஏத்துறதுக்கு முன்னாடி: புதுசா கதை எழுதுறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயித்துக்கிழமை பெங்களூர்ல அல்சூர் ஏரி பக்கத்துல நாங்க கதை படிக்கிற கூட்டம். நாலு பேரு கதை கொண்டு வந்திருந்தாங்க, அதுல மூணு எதிரி விண்கப்பலுக்குள்ள ஒற்றன் புகுந்து ரகசியத்தைத் திருடுற கதை, மூணுலயும் நான் 15 வருஷம் முன்னாடி பண்ணின அதே தப்பு. திரும்பி வரும்போது சில்க் போர்டு சிக்னல் டிராஃபிக்லயே இத எழுதிடணும்னு முடிவு பண்ணிட்டேன். வெற்றிடத்துல வெடிச் சத்தம் கேக்காதுங்கிற மாதிரி விஷயத்துக்கெல்லாம் போகல, அது உங்களுக்கே தெரியும்.

ஒளிஞ்சிருக்கிற ஆளு

பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்குது. சரக்கு ஏத்தும்போது ஹீரோ ஒரு பெட்டிக்குள்ள படுத்துக்கிறான், பத்து நாள் கழிச்சு வெளிய வர்றான், ஒரு காவலாளியை அடிச்சுப் போட்டு யூனிஃபார்மை மாட்டிக்கிட்டு நடக்கிறான், யாரும் ஒண்ணும் கேக்கல. எங்க அபார்ட்மென்ட்ல பார்சல் கொண்டு வர்ற பையனையே செக்யூரிட்டி அண்ணன் வீட்டுக்கு ஃபோன் போட்டுக் கேக்காம உள்ள விடமாட்டாரு, இது போர்க்கப்பல்.

நானும் இப்படி எழுதினவன்தான். ரெண்டு வருஷம், 310 பக்கம். முதல்ல படிச்சவர் நீர்மூழ்கியில வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர். காபி டம்ளரைக் கீழ வச்சுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு: "தம்பி, பெட்டிக்குள்ள கிடந்த அந்த 11 நாளு அவன் விட்ட மூச்சு எங்க போச்சு?" என்கிட்ட பதில் இல்ல. அவன் ஒளிஞ்சிருந்ததுலதான் மொத்தக் கதையும் நின்னுச்சு, அதனால ஒரு பக்கத்தைக்கூடக் காப்பாத்த முடியல, எல்லாத்தையும் தூக்கிப் போட்டேன். இப்பவும் அத நினைச்சா ஆத்திரமா வருது, அதே குழியில இன்னொருத்தர் விழறதப் பார்த்தா இன்னும் அதிகமா வருது.

ஒரு மனுஷனுக்கு ஒரு நாளைக்கு சுமார் 840 கிராம் ஆக்சிஜன் வேணும், கிட்டத்தட்ட 1 கிலோ கார்பன் டை ஆக்சைடை வெளிய விடுவான். விண்கப்பல்ல காத்து சும்மா கிடைக்கிறதில்ல, எத்தனை பேருன்னு கணக்குப் பார்த்துத்தான் சுத்தம் பண்ற சாதனத்தையே வைப்பாங்க. நிலவுக்குக் கிளம்பின அமெரிக்காவோட அப்போலோ 13ல 1970 ஏப்ரல்ல என்ன ஆச்சுன்னு பாருங்க. நிலவுல இறங்குற கலம் 2 பேரு சுமார் 2 நாள் இருக்கிற கணக்குல செஞ்சது, அவங்க வந்த பெரிய கலத்துல ஆக்சிஜன் டேங்க் வெடிச்சதால 3 பேரு கிட்டத்தட்ட 4 நாள் அதுக்குள்ள இருக்கவேண்டியதாப் போச்சு. கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கிட்டே போக, பெரிய கலத்துல இருந்த சதுர வடிகட்டி இந்த வட்ட ஓட்டையில பொருந்தாம, பிளாஸ்டிக் பை, அட்டை, டேப் எல்லாம் வச்சு ஒட்டித்தான் தப்பிச்சாங்க. நாள் கூடினதும் ஒரு காரணம்தான், ஆனா ஒரு ஆளு கூடினா காத்துக் கணக்கு எப்படி உதைக்கும்னு புரியுதுல்ல?

கூட்டத்துல இதச் சொன்னதும் ஒரு தம்பி, "அண்ணா, என் ஷிப்ல 2,000 பேரு, அதுல ஒருத்தன் தெரியவா போறான்?"னு கேட்டான். நியாயமான கேள்வி. மொத்தக் காத்துல தெரியாது, சரி. ஆனா எடையில்லாத இடத்துல சூடான காத்து தானா மேல போகாது, ஃபேன் ஓடலைன்னா விட்ட மூச்சு மூஞ்சியச் சுத்தியே தேங்கி நிக்கும், அதனாலதான் விண்வெளி நிலையத்துல தூங்குற இடத்துலயும் காத்து ஓட வழி வச்சிருக்காங்க. மூடின பெட்டிக்குள்ள இருக்கிறவன் மாட்டிக்கிறதுக்கு முன்னாடி செத்தே போயிடுவான்.

அதனால உங்க ஒற்றன் ஒளிஞ்சவனா இருக்கக்கூடாது, கணக்குல இருக்கிறவனா இருக்கணும். சம்பளம் வாங்குறவன், படுக்கை இருக்கிறவன், பேரு லிஸ்ட்ல இருக்கிறவன். அமெரிக்க கடற்படையில ஜான் வாக்கர் 1960களோட கடைசியில ஆரம்பிச்சு ரகசியச் செய்திகளைப் பிரிச்சுப் படிக்க உதவுற குறியீட்டுச் சாவிகளை சோவியத்துக்கு வித்தான், 1985லதான் பிடிபட்டான். அவன் எந்தச் சுவரும் ஏறிக் குதிக்கல, தகவல் தொடர்புதான் அவனோட வேலையே.

தெனமும் ரிப்போர்ட் அனுப்புறது

பூமியிலேர்ந்து செவ்வாய்க்கே ரேடியோ போய்ச்சேர 3லேர்ந்து 22 நிமிஷம் ஆகும், உங்க ஹீரோ நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் லைவ்ல பேசுறான். அதவிடப் பெரிய சிக்கல், அந்த சிக்னலை முதல்ல கேக்கப்போறது அதே ஷிப்போட ஆன்டெனாதான். இஸ்ரேல் ஒற்றன் எலி கோஹன் 1965 ஜனவரில டமாஸ்கஸ்ல மாட்டினது ரேடியோவாலதான். திருடினத கையிலயே வச்சிருக்கட்டும், அடுத்த துறைமுகம் வர்ற வரைக்கும் அந்த பயத்தோடயே அவன் சாப்பிட்டுத் தூங்கட்டும், கதைக்கும் அதுதான் நல்லது.

கண்ணுக்குத் தெரியாத குட்டி ஷிப்

ஹீரோ யாரு கண்ணுலயும் படாத குட்டி ஷிப்ல எதிரி பக்கம் போறான். ஆனா எஞ்சின் சூடு வெளிய போயே ஆகணும். சுத்தி குளிர் இருட்டு. அதுல அந்தச் சூடு எதிரிக்குப் பளிச்சுன்னு தெரியும்.

பாஷை

நான் பெங்களூர் வந்து 19 வருஷம் ஆச்சு, கன்னடம் தடங்கல் இல்லாம பேசுவேன். ஆனா கே.ஆர். மார்க்கெட்ல பூக்காரம்மாகிட்ட சில்லறை எண்ணும்போது உதடு தன்னால "ஒண்ணு, ரெண்டு"ன்னு அசையுது, அவங்க சிரிச்சுக்கிட்டே தமிழ்ல "எந்த ஊருண்ணா?"ன்னு கேட்டுட்டாங்க. 6 மாசம் ட்ரெயினிங் எடுத்த ஒற்றன் எதிரியோட கேன்டீன்ல டோக்கன் எண்ணுற சீன் எப்படி இருக்கும்? அந்த மூணு கதையில ஒண்ணுலயும் அது இல்ல.