தண்ணீர்ப் பயத்தைப் போக்கும்போது பலரும் செய்யும் தவறுகள்

எனக்கு ஏழு வயதிருக்கும்போது, தள்ளிவிட்டால் தானாக நீச்சல் வந்துவிடும் என்று நம்பி ஆழத்தில் தள்ளிவிட்டார்கள். நீச்சல் வரவில்லை, பயம்தான் வந்தது, அப்புறம் இருபது வருடம் முழங்காலளவு தண்ணீரைத் தாண்டியதில்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், விளையாட்டுக்குக்கூட யாரையும் தள்ளாதீர்கள், தண்ணீருக்குள் இழுக்காதீர்கள். படிப்படியாகத்தான் போக வேண்டும், இதொன்றும் புது யோசனை இல்லை. முயலைக் கண்டால் பயந்த ஒரு சிறுவனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்துக்கொண்டே, முயலைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்து, கடைசியில் அவனே அதைத் தொட்டுக் கொஞ்சும் அளவுக்கு மாற்றியதை மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் 1924-லேயே எழுதியிருக்கிறார்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பயம் உச்சத்துக்குப் போன நொடியில் அடித்துப்பிடித்துக் கரையேறுவது. ஏறியதும் நிம்மதி வரும், 'தப்பித்தேன்' என்று மனது குறித்துக்கொள்ளும், அடுத்த முறை பயம் இன்னும் கூடும். கணுக்காலளவில் பயம் வந்தால் அங்கேயே நில்லுங்கள், ரொம்ப முடியவில்லையென்றால் ஒரு படி பின்னால் வாருங்கள், படபடப்பு அடங்கிய பிறகு வெளியே வாருங்கள். அன்றைக்கு அவ்வளவுதான் என்றாலும் சரி.

மூச்சு விஷயத்தில்தான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மார்பளவு தண்ணீரில் இறங்கியதும் நெஞ்சை யாரோ அழுத்துவது போல இருக்கும், உடனே மூச்சு முட்டுகிறது என்று பதறுவோம். உண்மையிலேயே தண்ணீர் நெஞ்சை லேசாக அழுத்தத்தான் செய்கிறது, எல்லோருக்கும் அப்படித்தான், ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு அதனால் ஆபத்து இல்லை. இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் எத்தனையோ நாள் மிச்சமாகியிருக்கும். அடுத்தது, முகத்தை நனைக்கும்போது மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொள்வது. பிடிக்கப் பிடிக்க உடம்பில் கரியமில வாயு சேரும், மூச்சுவிட வேண்டும் என்ற தவிப்பு பெரும்பாலும் அதனால்தான் வருகிறது. தண்ணீருக்குள் மெதுவாகக் குமிழி விடுங்கள், அல்லது வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகுங்கள். மூக்கு வழியாகக் காற்று வெளியே போய்க்கொண்டே இருப்பதால் தண்ணீர் உள்ளே ஏறாது. முங்குவதற்கு முன் வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். கரியமில வாயு குறைந்து தவிப்பே தெரியாமல் போய், தண்ணீருக்குள்ளேயே மயங்கிவிடும் ஆபத்து இருக்கிறது.

கையடிக்கவும் காலடிக்கவும் முதலில் கற்பது இன்னொரு தவறு. பயந்தவருக்கு உள்ளே இருக்கும் கேள்வி 'திரும்ப எழுந்து நிற்க முடியுமா' என்பதுதான். குப்புற மிதந்துகொண்டிருக்கும்போது முழங்கால்களை வயிற்றுப் பக்கம் இழுத்து, இரண்டு கைகளாலும் தண்ணீரைக் கீழ்நோக்கி அழுத்தி, தலையைத் தூக்கினால் கால் தானாகத் தரைக்கு வந்துவிடும். இடுப்பளவு தண்ணீரில், பக்கத்தில் ஒருவர் நிற்க, இதை மட்டும் இருபது முப்பது தடவை செய்து பாருங்கள். எனக்குப் பாதிப் பயம் போனது இதில்தான்.

மிதக்கும்போது பயத்தில் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்போம், தலை மேலே வந்தால் கால் கீழே போகும், மூழ்குகிறோம் என்று நினைத்து இன்னும் தூக்குவோம். மல்லாந்து படுத்துக் காது நனையும்வரை தலையைத் தண்ணீரில் விட்டு, நெஞ்சு நிறைய மூச்சிழுத்தால் அநேகமாக எல்லோரும் மிதப்பார்கள். கையில் மாட்டும் காற்றுமிதவையை நம்பியே பழகவும் வேண்டாம், உடம்பை நேராக நிமிர்த்தியே வைத்திருப்பதால் படுத்து மிதக்க அது பழக்காது. நீச்சல் கண்ணாடி நல்லது, தரை தெரிந்தாலே மனது கொஞ்சம் அடங்கும்.

தனியாக மட்டும் பழகாதீர்கள். பயிற்சியாளரிடம் பயத்தை மறைக்காமல் முதல் நாளே சொல்லிவிடுங்கள், கேட்டுவிட்டு அவசரப்படுத்தினால் வேறு ஆளைப் பாருங்கள். ஒருமுறை மூழ்கிப் பிழைத்து அது இன்னும் கனவில் வருகிறதென்றால், குளத்தில் இறங்கும் முன் ஒரு மனநல ஆலோசகரைப் பார்ப்பதுதான் சரி.