சாட்டில் திருத்தாதீர்கள், கொப்பியில் திருத்துங்கள்

யாழ்ப்பாணத்தில் பனம்பொருள் விற்கிற ஒரு கடைக்குப் பொருள் விவரம் எழுதிக் கொடுக்கிறேன். கனடாவுக்கும் லண்டனுக்கும் போகிற பொதிகளில் ஒட்டுகிற சின்னச் சின்ன வரிகள்தான். ஒருநாள் ஏஐ 'ஒடியல் மாவு: அவித்துக் காயவைத்த பனங்கிழங்கின் பொடி' என்று எழுதித் தந்தது. அவித்துக் காயவைத்தால் அது புழுக்கொடியல், அப்படியே கடித்துச் சாப்பிடலாம். ஒடியல் என்பது பச்சைக் கிழங்கைக் கிழித்துக் காயவைப்பது, கூழுக்கும் பிட்டுக்கும் போவது அதன் மா. இதைச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டுத் திருத்தியது. அடுத்த நாள் புதுச் சாட் திறந்தால் திரும்பவும் அதே அவியல், போதாததற்கு எங்கள் பனங்கட்டி தமிழ்நாட்டு வழக்கில் 'கருப்பட்டி' ஆகியிருந்தது.

பிழை என்னுடையதுதான். புதுச் சாட் வெறுங்கையோடு தொடங்குகிறது, நேற்று நீங்கள் தொண்டை கிழியக் கத்தியது அதற்குத் தெரியாது. நினைவு வசதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் எதை வைத்துக்கொள்வது என்பதைப் பெரும்பாலும் அதுவே முடிவெடுக்கிறது. தொழிலுக்கு அதை நம்ப நான் தயாரில்லை.

ஆகவே முதலில் ஒரு பக்கக் கொப்பி எழுதுங்கள், அதாவது ஒவ்வொரு புதுச் சாட்டுக்கும் கொடுக்கிற நிலையான அறிவுறுத்தல். என்னுடையதில் இருந்து சில வரிகள்:

'வாசிப்பவர் வெளிநாட்டில் இருக்கிற யாழ்ப்பாணத்தவர். மா என்று எழுது, மாவு வேண்டாம். தூள், பொடி அல்ல. பனங்கட்டி, கருப்பட்டி அல்ல. ஒடியல் அவிக்காதது, புழுக்கொடியல் அவித்தது. எடை கிராமில் மட்டும். பட்டியலில் இல்லாத விவரத்துக்கு "இல்லை" என்று போடு, ஊகிக்காதே.'

அந்தக் கடைசி வரிதான் அதிகம் காப்பாற்றியது. வெற்றிடம் விட்டால் ஏஐ அதை நிரப்பப் பார்க்கும், 'இல்லை' என்று சொல்ல ஒரு வழி கொடுத்தால் அந்த ஆசை குறையும், முற்றாகப் போகாது.

எங்கே வைப்பது? கிளாட், சாட்ஜிபிடி இரண்டிலும் 2024 இல் ப்ரொஜெக்ட் என்ற வசதி வந்தது, அதன் அறிவுறுத்தல் பகுதியில் போட்டால் அதற்குள் திறக்கிற ஒவ்வொரு சாட்டுக்கும் போய்ச் சேரும். கோட் எழுதுகிறவர்கள் இதையே, ஏஐ வேலை தொடங்கும்போது வாசிக்கிற கிளாட்.எம்டி, ஏஜென்ட்ஸ்.எம்டி என்ற கோப்புகளில் வைக்கிறார்கள். ஒன்றும் இல்லாவிட்டால் போனில் ஒரு நோட், ஒவ்வொரு முறையும் ஒட்டுங்கள், அதுவும் வேலை செய்யும். நீளமாக்காதீர்கள். ஏஐ எழுத்தை டோக்கன் என்ற சின்னத் துண்டுகளாக வெட்டித்தான் வாசிக்கிறது, தமிழ் எழுத்து ஆங்கிலத்தை விட அதிக டோக்கன் தின்னும், அதோடு நாலு பக்கம் எழுதினால் நடுவில் இருப்பதை அது கோட்டை விடுகிற சந்தர்ப்பம் கூடும்.

அடுத்தது வேலையைப் பிரிப்பது. 'இந்தப் பன்னிரண்டு பொருளுக்கும் விவரம் எழுது' என்று ஒரே மூச்சில் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் எனக்குத் தலையிடி. இப்போது முதலில் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பின குழம்பின செய்தியைக் கொடுத்து, பெயர், எடை, சேர்பொருள், காலாவதி என்று அட்டவணை மட்டும் கேட்கிறேன், எழுத விடுவதில்லை. அட்டவணையை நான் கண்ணால் பார்த்து 'சரி' என்று சொன்ன பிறகுதான் எழுத்து, அதுவும் நான் முன்பு எழுதின நல்ல விவரம் ஒன்றை மாதிரியாக வைத்து. 'கவர்ச்சியாக எழுது' என்று பத்து வரி விளங்கப்படுத்துவதை விட ஒரு மாதிரி மேல். கடைசியாகப் புதுச் சாட் ஒன்றில் அட்டவணையையும் எழுதினதையும் போட்டு, ஒத்துவராத இடங்களை மட்டும் காட்டச் சொல்கிறேன். எழுதின சாட்டிலேயே சரிபார்க்கக் கேட்டால் தன் எழுத்துக்கே தலையாட்டுகிற பழக்கம் அதற்கு உண்டு. விலையையும் கூட்டலையும் கொடுக்கவே மாட்டேன், அதற்கு எக்செல் இருக்கிறது.

ஒரு தொகுதி முடிந்தால் சாட்டை மூடுங்கள். நீண்ட சாட்டில் பழைய திருத்தங்களும் கைவிட்ட யோசனைகளும் சேர்ந்து குழப்பும். மூடுவதற்கு முன் 'முடிவானவை, மிச்சமிருப்பவை ஐந்து வரியில் தா' என்று கேட்டு, அதைப் புதுச் சாட்டின் தலையில் ஒட்டினால் போதும்.

இவ்வளவும் செய்தாலும் சொல்லுக்குச் சொல் அதே பதில் வராது, அடுத்த சொல்லை அது ஓரளவு சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கிறது. ஏபிஐ வழியாக, அதாவது தங்கள் மென்பொருளில் இருந்தே ஏஐயைப் பாவிப்பவர்கள், சில மாடல்களில் டெம்பரேச்சர் என்ற அந்தக் குலுக்கலின் அளவைக் குறைக்கலாம், அதுவும் முழு உத்தரவாதம் இல்லை. எனக்கு வரி மாறினால் பரவாயில்லை, ஒடியல் அவியாமல் இருந்தால் சரி.

பிழை வந்தால் சாட்டில் சண்டை பிடிக்காமல் கொப்பியில் ஒரு வரி சேருங்கள். சேர்த்த பிறகு, முன்பு சரியாக வந்த ஐந்து பொருளைத் திருப்பி ஓடவிட்டுப் பாருங்கள். நான் 'சுருக்கமாக எழுது' என்று ஒரு வரி சேர்த்தேன், அடுத்த சோதனையில் ஐந்தில் மூன்றில் காலாவதித் திகதியைக் காணவில்லை. அந்த வரியை வெட்டிவிட்டு 'விவரம் நாற்பது சொல்லுக்குள், திகதி தனி வரியில்' என்று போட்டிருக்கிறேன்.