வீடியோவில் டாக்டரைப் பார்ப்பது: எந்த நோய்க்கு எப்படித் தயாராவது

வீடியோவில் பார்த்தால் போதுமா, நேரில் போக வேண்டுமா என்று குழப்பம் வந்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: டாக்டர் என்னைத் தொட்டுப் பார்த்தாக வேண்டுமா? வயிற்றை அமுக்கிப் பார்க்க வேண்டும், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்க வேண்டும், காதுக்குள் லைட் அடித்துப் பார்க்க வேண்டும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றால் பேசாமல் பஸ் ஏறிவிடுங்கள். பேச்சும் பார்வையும் பழைய ரிப்போர்ட்டும் போதும் என்கிற விஷயமாக இருந்தால் வீடியோ தாராளமாகப் போதும். சர்க்கரை, சருமம், மனநலம், பிசியோதெரபி என்று எந்தத் துறைக்கும் இந்தக் கேள்வி ஒத்துவரும்.

முதலில் அவசரக் கணக்கைத் தள்ளி வைத்துவிடுவோம். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, ஒரு பக்கக் கை கால் விழுவது, வலிப்பு, பாம்புக்கடி, இதற்கெல்லாம் வீடியோ கிடையாது, 108தான். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், அதில் அரை மணி நேரத்தை 'டாக்டர் லைனில் வருகிறாரா' என்று போனைப் பார்த்துக்கொண்டே தொலைக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. இந்தியாவில் 2020 மார்ச் 25 அன்று டெலிமெடிசின், அதாவது தொலைவிலிருந்தே வைத்தியம் பார்ப்பதற்கான வழிகாட்டு நெறிமுறைகள் வந்தன. அதன்படி, பதிவு பெற்ற டாக்டர் வீடியோவில் பார்த்துத் தரும் மருந்துச் சீட்டு செல்லும். ஆனால் அதில் அவர் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும், வாட்ஸ்அப்பில் வெறுமனே மாத்திரைப் பெயரை மட்டும் அனுப்பினால் அது சீட்டு ஆகாது. மருந்துகளையும் வகை பிரித்திருக்கிறார்கள்: பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். போன்றவற்றை எப்படிப் பேசினாலும் எழுதலாம், சில மருந்துகளை முதல் தடவையே வீடியோவில் பார்த்து எழுதலாம், சிலவற்றை அதே பிரச்சினைக்கு ஏற்கெனவே நேரில் பார்த்த டாக்டர்தான் எழுத முடியும். போதைத்தன்மை உள்ள வலி மருந்துகள் போன்றவை அறவே கிடையாது. குழந்தைகளுக்குப் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். இன்னொன்று, 'இது வீடியோவில் ஆகாது, நேரில் வாருங்கள்' என்று எந்த நிமிடத்திலும் சொல்ல டாக்டருக்கு உரிமை உண்டு. அப்படிச் சொல்கிறவர்தான் நல்ல டாக்டர் என்பது என் கணக்கு, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சரி, தயாரிப்புக்கு வருவோம். பாதிப் பேர் சொதப்புவது இங்கேதான். கிடைப்பது பத்து நிமிடம் என்றால் அதில் நாலு நிமிடம் 'ஹலோ கேட்குதா'வில் போய்விடுகிறது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகம் கறுப்பாகத்தான் தெரியும், அதனால் ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். ஃபேனையும் டிவி சீரியலையும் நிறுத்துங்கள், குக்கர் விசில் அடிக்கிற நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். முகத்தை அழகாக்கும் ஃபில்டர் இருந்தால் எடுத்துவிடுங்கள், மஞ்சள் காமாலைக் கண்ணையும் அது வெள்ளையாக்கிவிடும். என்ன தொந்தரவு, எப்போது ஆரம்பித்தது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, இந்த நாலையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரைப் பெயர்களை மனப்பாடமாகச் சொல்லவே சொல்லாதீர்கள். வீட்டில் சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டையையும், நாட்டு மருந்து, சித்த மருந்து உட்பட, மேஜையில் பரப்பி கேமராவில் ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். மெட்ஃபார்மின் என்கிற ஒரே சர்க்கரை மாத்திரை இரண்டு கம்பெனிப் பெயரில், ஒன்று பழைய டாக்டர் எழுதியது, ஒன்று புதியவர் எழுதியது, இரண்டையும் அப்பா ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பது பெரும்பாலும் இப்படித்தான் வெளியே வரும்.

சர்க்கரை, பி.பி. இரண்டுக்கும் வீடியோ நன்றாக ஒத்துவரும், ஏனென்றால் டாக்டர் பார்ப்பதே எண்களைத்தான். ஆனால் எண் சரியாக இருக்க வேண்டுமே. பி.பி. மெஷினைக் கட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் சாய்ந்து சும்மா உட்காருங்கள், பாதம் தரையில், கை மேஜைமேல் நெஞ்சு உயரத்தில், பேச்சு கூடாது, அரை மணி நேரத்துக்குள் காபி குடித்திருக்கக் கூடாது. ஒரு நிமிடம் விட்டு இரண்டு தடவை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். சர்க்கரையில் வெறும் வயிறு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் என்று நேரம் போட்டு எழுதாத எண்ணால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. இன்சுலின் போடுகிறவர்கள் ஊசி குத்தும் இடத்தை கேமராவில் காட்டுங்கள், ஒரே இடத்தில் குத்திக் குத்தி கட்டி தட்டியிருந்தால் சர்க்கரை ஏறி இறங்குவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். உள்ளங்காலையும் விரலிடுக்கையும் காட்டலாம். ஆனால் கால் மரத்துப்போயிருக்கிறதா என்ற சோதனையும் வருடாந்திர விழித்திரைப் பரிசோதனையும் நேரில்தான்.

ஆஸ்துமாக்காரர்கள் அதிகம் யோசிக்காத ஒன்று: இன்ஹேலரை நீங்கள் எப்படி இழுக்கிறீர்கள் என்பதை டாக்டர் முன்னாடியே செய்து காட்டுங்கள். அமுக்கி அடிக்கிற வகை என்றால் குலுக்கி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, உதட்டால் இறுக்கிப் பிடித்து, அமுக்கும்போதே மெதுவாக உள்ளே இழுத்து, பத்து எண்ணும் வரை அடக்க வேண்டும். பலர் படக்கென்று அடித்துவிட்டு உடனே மூச்சை விட்டுவிடுகிறார்கள், மருந்து தொண்டையோடு நின்றுவிடுகிறது, அப்புறம் 'இந்த மருந்து கேட்கவில்லை' என்று புகார். இதைத் திருத்த வீடியோவே போதும்.

சருமத்துக்கு, வீடியோவை விட போட்டோதான் முக்கியம். ஓடுகிற வீடியோவில் தடிப்பின் விளிம்பு தெரியாது. முந்தின நாள் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பின்பக்க கேமராவில், தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து ஒன்று என எடுத்து முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். எடுக்கும் முன் மஞ்சள், பவுடர், களிம்பு எதுவும் பூசாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் பூசிய கிரீம் ஏதாவது உண்டென்றால் அதன் டியூபையும் காட்டுங்கள். படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த கிரீமைப் பூசிப் பூசி அதை அடையாளமே தெரியாமல் பரத்திக்கொண்டு வருவது நம் ஊரில் சர்வசாதாரணம். மச்சம் பெரிதாகிறது, நிறம் மாறுகிறது, ரத்தம் வருகிறது என்றால் போட்டோவோடு நிறுத்தாமல் நேரில் போங்கள்.

குழந்தைக்குச் சளி, காய்ச்சல் என்றால் டாக்டர் வருவதற்கு முன்பே சட்டையைக் கழற்றி, அழாமல் இருக்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணி வையுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழே 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40, இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமூச்சு. விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், எழுப்ப எழுப்பத் தூங்கினாலும் வீடியோவை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

கர்ப்பிணிகளுக்கு வீடியோவில் ரிப்போர்ட் காட்டலாம், வாந்தி, சாப்பாடு, தூக்கம் பற்றிக் கேட்கலாம். செக்கப்பும் ஸ்கேனும் நேரில்தான். குழந்தையின் அசைவு குறைந்தது, ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைந்தது, கண் மங்கலோடு தலைவலி, இவற்றுக்கு உடனே போக வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு தாய்ப்பால் கொடுப்பதில் உள்ள சிக்கலுக்கு வீடியோ பெரிய உதவி, குழந்தை வாய் வைக்கும் விதத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

மனநலத்துக்கு இதை விட வசதியான வழி குறைவு, ஆனால் தனிமை வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் அறைக் கதவைச் சாத்தினாலே 'என்ன ரகசியம்' என்று கேட்பார்கள். மொட்டை மாடி, நிறுத்தி வைத்த கார், தோழி வீடு, எதுவானாலும் சரி, ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். யாராவது பக்கத்தில் வந்துவிட்டால் சொல்ல ஒரு சங்கேத வார்த்தையை ஆரம்பத்திலேயே பேசி வைத்துக்கொள்ளலாம். இப்போது எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்டால் சொல்லுங்கள், ஆபத்து என்றால் உதவி அனுப்பத்தான் கேட்கிறார்கள். பணம் செலவழிக்க முடியாது என்றால் மத்திய அரசின் டெலி-மானஸ் என்கிற மனநல உதவி லைன் இருக்கிறது, எண் 14416, எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

பிசியோதெரபிக்கு முழு உடம்பும் தெரிய வேண்டும். போனை ஒரு சொம்பில் சாய்த்து வைத்து, பத்தடி தள்ளி நின்று, டாக்டர் வருவதற்கு முன்பே ஒரு தடவை நடந்து பார்த்துவிடுங்கள். வயதானவர்கள் என்றால் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

பல்லுக்கு வீடியோவில் அவ்வளவாகப் பலன் இல்லை, எவ்வளவு அவசரம் என்று தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான். கண்ணும் போன் கேமராவில் சுமார்தான். அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராமப்புற விஷன் சென்டர்களில் பயிற்சி பெற்ற பணியாளர் ஸ்லிட் லாம்ப் என்கிற, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் கண்ணைப் பார்த்த பிறகு, பெரிய மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியோடு பேசுகிறார். அங்கே கருவியும் பழகிய கையும் இருப்பதால் அது நடக்கிறது. திடீரென்று பார்வை மங்கினாலோ, மின்னல் அடிப்பதுபோல் தெரிந்து திரை விழுவதுபோல் மறைத்தாலோ அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காசு இல்லாமல் டாக்டரைப் பார்க்க அரசின் இ-சஞ்சீவனி என்கிற ஆன்லைன் சேவை உண்டு. மொபைல் எண், ஓ.டி.பி. கொடுத்துப் பதிந்து, மாநிலத்தையும் துறையையும் தேர்ந்தெடுத்து, டோக்கன் வாங்கிக் காத்திருந்தால் டாக்டர் வருவார், பேசி முடித்ததும் சீட்டை டவுன்லோடு செய்துகொள்ளலாம். போன் பழக்கமில்லாதவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள், அங்கிருந்தே பெரிய டாக்டரோடு இணைக்கும் ஏற்பாடும் இதில் இருக்கிறது.

அப்பா அம்மா ஊரில், பிள்ளை சென்னையிலோ துபாயிலோ என்றால் மூன்று பேரும் ஒரே அழைப்பில் சேருங்கள். ஆனால் பிள்ளை முந்திக்கொண்டு பதில் சொல்லக் கூடாது. 'அம்மாவுக்கு ஒன்றுமில்லை டாக்டர், கொஞ்சம் கால் வீக்கம்' என்று நீங்கள் முடித்துவிட்டால், ராத்திரி படுத்தால் மூச்சு முட்டுகிறது என்பதை அம்மா சொல்லாமலே விட்டுவிடுவார். பக்கத்தில் இருக்கிறவர் கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலால் ஐந்து விநாடி அழுத்தி எடுத்து, குழி விழுகிறதா என்று கேமராவில் காட்டட்டும்.

பேசி முடிப்பதற்கு முன் மாத்திரையின் பெயர், நேரம், எத்தனை நாள் என்பதை நீங்களே திருப்பிச் சொல்லுங்கள். 'எது நடந்தால் நேரில் வர வேண்டும், எத்தனை நாளில் குறையவில்லை என்றால் மறுபடி கூப்பிட வேண்டும்' என்று கட்டாயம் கேளுங்கள். ரெக்கார்டு செய்வதாக இருந்தால் அனுமதி கேட்டுச் செய்யுங்கள்.

பணம் கட்டுகிற விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஆஸ்பத்திரி எண்ணைத் தேடலில் முதலில் வருவதைப் பார்த்து எடுக்காதீர்கள், பழைய சீட்டில் அச்சடித்த எண்ணே பத்திரம். டோக்கன் உறுதி செய்ய ஏதோ ஒரு ஆப்பை இறக்கி ஸ்கிரீனைக் காட்டச் சொன்னால், அல்லது பத்து ரூபாய் அனுப்பச் சொல்லி லிங்க் கொடுத்தால் அது திருட்டுக் கும்பல், போனை வைத்துவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு விஷயம்: மேலே சொன்ன இந்திய நெறிமுறைகள் நாட்டுக்கு வெளியே செல்லாது. ஊர் டாக்டரிடம் ஆலோசனை கேட்கலாம், ஆனால் அவர் எழுதிய சீட்டை நம்பி அங்கே மருந்துக் கடைக்குப் போகாதீர்கள், அந்த ஊர் டாக்டரிடமே சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.