ரோஜா மணக்கும் வெள்ளை ஒயின்: ஃப்ரீசரில் வைக்காதீர்கள்

போன டிசம்பரில் குன்னூர் வீட்டுக்கு உறவுக்காரர் ஒருவர் கெவூர்ட்ஸ்ட்ரமினர் என்ற திராட்சையில் செய்த ஒயின் கொண்டுவந்தார். பிரான்ஸின் அல்சாஸ் பகுதி சரக்கு. அவசரத்தில் ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். ஊற்றினால் ஒரு வாசனையும் இல்லை! மேசையில் கால் மணி நேரம் கிடந்த பிறகுதான் லிச்சிப்பழ மணம் எழும்பியது. பின்னாலேயே, ஊட்டி ரோஜாப் பூங்காவுக்குள் நுழைந்த மாதிரி ஒரு வாசம். லிச்சியிலும் இந்தத் திராட்சையிலும் இருப்பது ஒரே மணப்பொருள், ரோஸ் ஆக்ஸைடு.

10 டிகிரி குளிர்ச்சி போதும். எங்கள் குன்னூர் மார்கழி ராத்திரியில் ஜன்னலோரம் வைத்தாலே ஆயிற்று.

திராட்சைத் தோல் இளஞ்சிவப்பு, ஒயின் என்னவோ வெள்ளைதான். புளிப்பு குறைவு. சற்றே இனிப்பான வகையென்றால் மிளகுக்கோழி வறுவலோடு அசத்தும். மீன் புளிக்குழம்போடு மட்டும் வேண்டாம், சப்பென்று ஆகிவிடும்.