கெல்ப் மாத்திரையும் தைராய்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைராய்டு நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. கெல்ப் என்பது அயோடின் நிறைந்த ஒரு கடல்பாசி, அதை மாத்திரையாகவும் விற்கிறார்கள். இந்த விஷயத்தில், துறைக்குப் புதிதாக வருபவர்கள், நாங்கள் ஆரம்பத்தில் எங்கே சறுக்கினோமோ சரியாக அங்கேயே சறுக்குகிறார்கள். காலாவதித் தேதி பாருங்கள், அளவுக்கு மேல் விழுங்காதீர்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது எல்லோருக்கும் தெரியும்.

தைராய்டு மந்தமா, அப்போ அயோடின் போதவில்லை

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். தைராய்டு ஹார்மோனுக்கு அயோடின் வேண்டும், சரி. ஆனால் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும். அயோடின் உப்பு புழங்கும் இடங்களில் தைராய்டு மந்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் ஹாஷிமோட்டோ, அதாவது உடலின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்கும் நோய். அங்கே போய் அயோடினைக் கொட்டினால் நிலைமை மோசமாகும்.

அயோடின் திடீரென்று மிகுந்தால் தைராய்டு ஹார்மோன் தயாரிப்பது தடைபடும் என்பதை வுல்ஃப், சைக்காஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1948-லேயே எலிகளில் காட்டிவிட்டார்கள். ஆரோக்கியமான சுரப்பி அயோடினை உள்ளிழுப்பதைக் குறைத்துக்கொண்டு சில நாட்களில் மீண்டுவிடும். ஹாஷிமோட்டோ உள்ள சுரப்பி மீள முடியாமல் மந்தத்திலேயே மாட்டிக்கொள்ளலாம்.

குறைந்த அளவு தைராக்ஸினில் (தைராய்டு மந்தத்துக்குத் தரும் ஹார்மோன் மாத்திரை) நன்றாக இருந்த ஒரு பெண். திடீரென்று டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு மந்தமானால் ரத்தத்தில் கூடும்) ஏறியது, டாக்டர் மருந்தைக் கூட்டினார், அப்புறமும் ஏறியது. “வேற மருந்து ஏதாவது?” என்று கேட்டால் இல்லை என்கிறார். “முடிக்கு, தோலுக்கு, எடை குறைய?” என்று பிரித்துக் கேட்டதும் கைப்பையிலிருந்து ஒரு டப்பா வெளியே வந்தது. “இது மருந்தில்லையே, கடல்பாசிதானே?” லேபிளின் பின்பக்கம், பொடி எழுத்தில்: அயோடின், தினசரித் தேவையில் 400 சதவீதம். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. முடி கொட்டுவதே தைராய்டு மந்தத்தின் அறிகுறி, அதற்கு இது வைத்தியம்! நிறுத்தியதும் டிஎஸ்எச் இறங்கியது. ஆனால் கூட்டி வைத்த தைராக்ஸின் இப்போது அதிகமாகி நெஞ்சு படபடப்பு, மறுபடி ரத்தப் பரிசோதனை, மறுபடி மருந்தைக் குறைக்கும் படலம். எனவே “மருந்து” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். டப்பாக்களையெல்லாம் கொண்டுவரச் சொல்லுங்கள்.

எல்லாப் பாசியும் ஒன்றுதான்

இல்லை. சுஷியைச் சுற்றும் பாசியான நோரியில் கிராமுக்குச் சில பத்து மைக்ரோகிராம் அயோடின். கெல்ப் வகைகளில் ஆயிரக்கணக்கில் போகலாம். ஒரே வகையிலும் அறுவடை செய்த இடத்தைப் பொறுத்து அளவு மாறும், ஆகவே லேபிளில் உள்ள எண்ணும் உத்தரவாதமில்லை. அமெரிக்காவில் உச்ச வரம்பு நாளுக்கு 1,100 மைக்ரோகிராம், ஐரோப்பாவில் 600.

எனக்கு மந்தம் இல்லை, கழுத்தில் கட்டி மட்டும்தான்

உங்களுக்கு ஆபத்து எதிர்த்திசையில். தைராய்டில் முடிச்சுகள் இருந்தால் அதிக அயோடின் ஹார்மோனை எகிறவைக்கலாம். வயதானவர்களுக்கு இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும்.

கர்ப்ப காலத்தில் கெல்ப்

வேண்டாம். அயோடின் தேவை கூடுவது உண்மை, ஆனால் அளவு தெரியாத பாசியில் தேடினால் பிறக்கும் குழந்தைக்குத் தைராய்டு மந்தம் வரலாம்.

அயோடின் ஸ்கேனுக்கு முன் சொல்லாமல் விடுவது

இது கதிரியக்க அயோடின் கொடுத்துத் தைராய்டைப் பார்க்கும் ஸ்கேன். கெல்ப் சாப்பிடுவதைச் சொல்லாவிட்டால் முடிவு தப்பாக வரும்.

நிறுத்திய மறுவாரமே டிஎஸ்எச்

வீண் செலவு. ஆறு வாரமாவது போகட்டும், அதுவரை டாக்டர் தந்த தைராக்ஸினை நீங்களாக நிறுத்தாதீர்கள். முடி மாத்திரையில் பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) இருந்தால் அதுவும் இந்தப் பரிசோதனையைக் குழப்பும். ரத்தம் கொடுக்க இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிடுங்கள்.