கல்லீரல் தழும்பு, ஸ்டெம் செல், ஆர்.என்.ஏ: பணம் கட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்ணாரப்பேட்டை, காசிமேடு பக்கம் யாருக்காவது ஸ்கேனில் ஃபைப்ரோசிஸ், அதாவது கல்லீரலில் தழும்பு என்று வந்துவிட்டால் போதும், உடனே சொந்தக்காரர் யாராவது வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பிவிடுகிறார். ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல், ஊசியாகப் போட்டால் கல்லீரல் புதுசாகிவிடுமாம், ஆர்.என்.ஏ மருந்தும் வந்துவிட்டதாம்.

ஆர்.என்.ஏ என்பது செல்லுக்குள் மரபணுவிலிருந்து நகலெடுக்கப்படும் மூலக்கூறு. அதில் புரதம் தயாரிக்காத வகை வெறும் குப்பை என்று நினைப்பது பழைய தவறு. 1993-ல் விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ரவ்குனும் ஒரு சின்னப் புழுவில் கண்டுபிடித்த மைக்ரோ ஆர்.என்.ஏ, அதாவது மற்ற மரபணுக்களை அடக்கி வைக்கும் குட்டி ஆர்.என்.ஏ, சுமார் 22 எழுத்து (ஆர்.என்.ஏவின் அடிப்படை அலகு) நீளம்தான், ஆனால் அது இல்லாவிட்டால் புழுவின் செல்கள் வளர்ச்சியில் அடுத்த கட்டத்துக்குப் போகாமல் பழைய கட்டத்தையே திரும்பத் திரும்பச் செய்தன. 2024-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நம் உடம்பிலும் ஒரு ஸ்டெம் செல் எப்போது முதிர வேண்டும் என்பதில் லெட்-7 போன்ற மைக்ரோ ஆர்.என்.ஏக்களுக்குப் பங்கு உண்டு.

இதைவிடப் பெரிய தவறு, மைக்ரோ ஆர்.என்.ஏக்களை நல்லது, கெட்டது என்று பிரிப்பது. கல்லீரல் செல்லில் மிக அதிகமாக இருக்கும் மிர்-122 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ அந்தச் செல்லைப் பாதுகாக்கிறது, ஆனால் ஹெபடைட்டிஸ் சி வைரஸ் பெருகுவதற்கும் அதே மிர்-122 தேவை. மிர்-29 தழும்புக்குக் காரணமான கொலாஜன் என்ற நார்ப் புரதத்தைக் குறைக்கும், தழும்பு விழுந்த கல்லீரலில் அதுவே குறைந்துபோகிறது. சரி, அப்படியென்றால் குறைவதை ஊசியில் ஏற்றிவிடலாமே என்று தோன்றும். மிர்-34ஐப் போலச் செய்த மருந்தைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை, நோய் எதிர்ப்பு மண்டலம் கடுமையாக எதிர்வினை காட்டியதால் 2016-ல் நிறுத்தப்பட்டது.

செலுத்திய ஸ்டெம் செல் அப்படியே கல்லீரலாக மாறிவிடும் என்பதும் தவறுதான். விலங்குச் சோதனைகளில் பெரும்பாலும் அவை வெளிவிடும் நுண்பைகளும் அதற்குள் இருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏக்களும்தான், தழும்பு உண்டாக்கும் ஸ்டெல்லேட் செல்களை அடக்குகின்றன.

இந்த வீடியோக்களை நம்பி, கையில் இருக்கும் சிகிச்சையை விட்டுவிடுவதுதான் எனக்கு ரொம்ப வேதனை. குடி, கொழுப்பு, ஹெபடைட்டிஸ் பி, சி என்று எது காரணமோ அதை நிறுத்தினாலே ஆரம்பத் தழும்பு குறைய வாய்ப்பு உண்டு. ஹெபடைட்டிஸ் சி-யைப் பெரும்பாலானவர்களுக்கு 12 வார மாத்திரையிலேயே குணப்படுத்திவிடலாம். கீழாநெல்லி சாப்பிட்டுக்கொண்டு மாதக்கணக்கில் தள்ளிப்போடாமல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல், கல்லீரல் பிரிவில் போய்க் காட்டுங்கள்.

அப்புறம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்படி ரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சை எல்லாம் அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்கலாம், ஆய்வில் சேருபவரிடம் அதற்குக் காசு வாங்கவும் கூடாது. லட்சக்கணக்கில் கேட்டால், சி.டி.ஆர்.ஐ (இந்தியாவில் மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் பட்டியல்) பதிவு எண் என்ன என்று கேளுங்கள், அந்த இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம்.